ஐம்பத்திரண்டு வாட்

சிவப்பு லைற் இன்னும் சிவப்பாகவே நின்றது. இரண்டு பற்றரி, இரண்டு லைற், குசினி மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னச் சார்ஜர், அதுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தவமலர். சார்ஜ் ஏறி முடியும் வரைக்கும் பக்கத்தில் ஆள் இருக்கவேணும், விட்டிட்டு வெளியில போகக் கூடாது, படுக்கவும் கூடாது என்று கடைக்காரி ஜெசிந்தா சொல்லி விட்டிருந்தாள். வாங்க வருகிற எல்லாருக்கும் சொல்லுகிற புத்திமதிதான் அது. தவமலருக்கு ஆனால் அது பெரிய காரியமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில் நில்லுங்கோ என்று அவளிடம் ஒருத்தர் கேட்டு எத்தனையோ மாதம். இன்றைக்கு இரண்டு பற்றரி கேட்கின்றன. சிரிப்புத்தான், சிரிக்கட்டும், அவள் காவல் இருந்தாள். வெளியில் மழை பெரிதாகவும் இல்லை, விடுகிறதாகவும் இல்லை. ஈஸ்ட்ஹாமில் ஐப்பசி மாசத்து மழைக்கு உந்தப் பழக்கம்தான், வந்த விருந்தாளி சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கதைக்கிற மாதிரி. மேலே பின்னறை, மகன் ஆரூரனுடைய அறை. நேற்றே துடைத்து, கட்டில் விரிப்பை மாற்றி, அலுமாரியைக் காலியாக்கி, ஈரம் காயட்டும் என்று யன்னலையும் கொஞ்சம் திறந்து விட்டிருந்தாள். நாளைக்கு றஞ்சி அக்கா ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த அறையைக் காட்டுவா, ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளை, சத்தம் சலார் இல்லாத பிள்ளை, பிடித்தால் அடுத்த கிழமையே வந்துவிடும். மகன் இன்றைக்கு இருட்டுவதற்குள் கிளாஸ்கோவிலிருந்து போன் எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை தவறமாட்டான், அதில் பிழை சொல்ல ஏலாது. அங்கேயே வேலையில் நிற்கிறதா, விட்டிட்டு லண்டனுக்குத் திரும்புகிறதா என்று இன்றைக்கு முடிவு சொல்லுவதாகப் போன கிழமை சொல்லியிருந்தான். வாறன் என்றால் றஞ்சி அக்காவிடம் வேண்டாம் அக்கா என்று சொல்லிவிடலாம். வரேல்லை என்றால் அறை போய்விடும். போகிறதுக்கு முதல் அந்த அறை ஒருக்கால், ஒரேயொருக்கால், பழைய மாதிரி மணக்கவேணும். அதுக்குத்தான் பற்றரி.

மணம் என்றால் என்ன பெரிய மணம், கண்டறியாத மாம்பழ மணம். அவன் வேப் என்கிற அந்தக் கறுத்தப் பெட்டியை வாயில் வைத்து இழுத்து ஊத, புகை மாதிரி ஒரு ஆவி மாடிப்படியால் இறங்கி வந்து குசினிக்குள் நிற்கும், அவள் கறிக்குத் தாளிக்கிற வெங்காயத்தோடு கலந்து, குமட்டிக்கொண்டு வரும். ஆரூரன், யன்னலைத் திற. எத்தனை பின்னேரம், எத்தனை தரம், சோறு போட்டாச்சு வா என்று கூப்பிடுகிறதும் யன்னலைத் திற என்று கத்துகிறதும் ஒரே மூச்சில் வரப் பழகிவிட்டது. மாம்பழமாம். ஊரில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்று வளர்ந்த மூக்குக்கு இதுவும் ஒரு மாம்பழமோ, மாம்பழத்தைக் கண்ணாலும் காணாத ஒருத்தன் ஆரோ சொல்லக் கேட்டுச் செய்த மணம். அவன் ஆனி மாசம் போனான். அவன் போன அந்தக் கிழமையே, விசரி, யன்னல் சீலை, கட்டில் விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் கழற்றி மெசினில் போட்டுத் தோய்த்து உலர்த்தி, அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு விட்டதுதான். அதுக்குப் பிறகு வீட்டில் அவளுடைய மணம் மட்டும் மிஞ்சியது: சவர்க்காரம், வெங்காயம், முழங்காலுக்குப் பூசுகிற தைலம். தன்னுடைய மணம் தனக்கே தெரிய வருகிற அளவுக்கு ஒரு வீடு வெறுமையாகக் கிடக்கக் கூடாது. பள்ளிக்கூடக் குசினியில் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறபோது அந்தத் தைல மணம் முன்னுக்கு வந்து நிற்கும், ஆரோ ஒரு வயதுபோன மனுசி உள்ளே இருக்கிறா என்று ஒரு கணம் நினைப்பாள், பிறகு அது தான்தான் என்று தெரியும். அலுமாரியை ஒதுக்கும்போதுதான் அந்தப் பெட்டி கிடைத்தது, அவனுடைய பழைய பனிச் சப்பாத்துக்குள் இருந்தது. கனமான சாமான். அடியில் கொஞ்சம் மணத் தண்ணி மிச்சம் கிடந்தது. மூக்கில் வைத்தாள். இருந்தது. நூல் அளவு இருந்தது. பிறகும் வைத்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பிறகும் வைத்தாள். மூக்கு பழகிப் போச்சோ, மணம்தான் போச்சோ, அடுத்த நாள் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் கடைக்குப் போகிற யோசனை வந்தது. ஹை ஸ்றீற்றில் மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில், போன் கவர் தொங்கவிட்டிருக்கிற கடை, ஆரூரன் போய் வருகிறதை அவள் பஸ்ஸுக்குள் இருந்து கண்டிருக்கிறாள். உள்ளே போக வெட்கமாக இருந்தது, கோயிலுக்கு வருகிற ஆட்கள் ஆரும் கண்டால் என்ன நினைப்பினம், கனகலிங்கத்தின்ரை மனுசி புகை குடிக்க வெளிக்கிட்டிட்டா என்று ஊர் முழுக்கப் போகும். நல்ல காலம், கடையில் நின்றது ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், மன்னார்ப் பக்கத்துக் கதை. உது ஆருக்கம்மா என்று கேட்டாள். மகனுக்கு, அவனுக்கு நேரமில்லை என்றாள் தவமலர், அது பொய்யுமில்லை, அவனுக்கு நேரம் இல்லைத்தானே. கொண்டு போன பெட்டிக்குள் இரண்டு பற்றரிக்கு இடம் இருந்தது, கிடந்தது ஒன்றுதான். அந்த ஒன்றையும் அளவு காட்டுவதற்காகக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக் கொண்டு போயிருந்தாள், அதை எடுத்து மேசையில் வைத்ததும் ஜெசிந்தாவின் முகம் மாறிவிட்டது. சில்லறையோடயே கொண்டந்தனீங்கள் அம்மா? திறப்புக் கொத்தும் கிடக்கு, இரும்பு இரும்போட முட்டினால் சூடேறி அப்படியே பத்தியெல்லோ போகும். தவமலர் கைப்பையை இன்னொருக்கால் திறந்து பார்த்தாள். வீட்டிலிருந்து அவ்வளவு தூரம், மழைக்குள், கமக்கட்டுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள், ஒரு சனத்துக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. அப்படி இன்னும் என்னென்ன நெருப்போடு எத்தனை நாள் நடந்திருப்பாளோ. புதுப் பற்றரியைப் போட்டுக்கொண்டு போகத் தன்னுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காலியாக்கிக் கொடுத்தாள், கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள்.

ஒன்று போதும், மற்றது இருக்குத்தானே என்றுதான் தவமலர் முதலில் கேட்டாள். ஒண்டு குடுக்க ஏலாதம்மா, இது சோடியாத்தான் பாவிக்கவேணும் என்றாள் ஜெசிந்தா. ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் போட்டு, ஒன்றாகப் பாவித்து, எறிகிறதென்றாலும் ஒன்றாகத்தான் எறியவேணும். பழசையும் புதுசையும் கலந்தால் பழசு கெதியாக இறங்கிப் போய்விடும், புதுசு அதையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும், பிறகு இரண்டுக்கும் கேடு. கலியாணம் கட்டின மாதிரி எண்டு வையுங்கோவன் என்று சொல்லிச் சிரித்தவள், தவமலரின் வெறும் நெற்றியைக் கண்டாளோ என்னவோ, துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். பிறகு இரண்டு விதமான பற்றரியை எடுத்துக் காட்டினாள். பச்சை உறை போட்டதில் பெரிய இலக்கம், தவமலரின் கை அதுக்குத்தான் போனது, பெரிய இலக்கம் என்றால் நல்லதாகத்தானே இருக்கும். அது கன நேரம் தாக்குப் பிடிக்கும் எண்டு போட்டிருக்கிற இலக்கம், உங்கட பெட்டிக்கு வேண்டியது அதில்லை, அமத்தின உடனை மளமளவெண்டு குடுக்கிற பற்றரி வேணும், குடுக்க ஏலாததிட்டை மாய்ஞ்சு மாய்ஞ்சு கேட்டால்தான் அது கொதிக்கிறது என்று சொல்லி, சின்ன இலக்கம் போட்ட ஊதா உறைப் பற்றரியை எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள், அவர் எத்தினை வாட்டில வைக்கிறவர்? தவமலருக்குத் தெரியாது. அவனுடைய சப்பாத்து அளவு தெரியும், எந்தக் கடைவாய்ப் பல் அடைத்தது என்று தெரியும், இறால் தின்றால் கழுத்தடியில் தடிக்கும் என்று தெரியும், நித்திரையில் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியும். இது தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. யன்னலைத் திற என்று சொல்லத்தான் தெரிந்தது. கூடினால் கருகும், குறைஞ்சால் மணம் வராது, நடுவில அவரவருக்கு ஒரு அளவு இருக்கு என்றாள் ஜெசிந்தா. மாம்பழத்திலேயே ஒரு தட்டு முழுக்க மணத் தண்ணிப் போத்தல். பெட்டியின் அடியில் கிடந்ததை அவளே மணந்து பார்த்து, இது மாம்பழத்தோட குளிர் சேர்த்தது என்று ஒன்றை எடுத்தாள். நிக்கொட்டின் எவ்வளவு போட்டது? ஒண்டும் இல்லாதது இருக்கோ என்று தவமலர் கேட்டாள். ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். இருக்கு என்றாள். அதுக்குப் பிறகு அவள் மகன் என்ற சொல்லையே எடுக்கவில்லை, எல்லாம் நீங்கள்தான். கறுத்துப் போன கம்பிச்சுருளையும் பஞ்சையும் கழற்றிப் புதுசு போட்டுத் தந்தாள். பஞ்சு வடிவா ஊறட்டும், அந்தரப்படாதேங்கோ. முதல் நாப்பதில வையுங்கோ, பிறகு ஒவ்வொண்டா ஏத்துங்கோ. சும்மா பட்டனை அமத்தினால் மணம் வராதோ, சாம்பிராணி மாதிரி? வராதம்மா, வாயில வைச்சு இழுக்கத்தான் வேணும்.

ஒரு லைற் பச்சையாகிவிட்டது. மற்றது சிவப்பு. இதென்ன, ஒன்றாகப் போட்டது ஒன்றாகத்தானே ஏறவேணும், பழுதோ, கடைக்காரி ஏமாற்றிவிட்டாளோ, பத்தப் போகுதோ. விரலால் தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடு, பிள்ளைக்குப் பால் ஊற்றிய போத்தல் சூடுதான். கையை எடுத்தாள். பழைய பற்றரி மேசையின் மற்றப் பக்கம் தனியே கிடந்தது, அதன் உறையில் கறுப்புப் பேனையால் 'அ' என்று எழுதியிருந்தது. ஆரூரன் எழுதியது. சோடி மாறிப் போகாமல் இருக்க இரண்டிலும் அதே எழுத்தை எழுதி வைத்திருந்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், அடித்து, கெஞ்சி, சொக்கிளேற் வாங்கிக் கொடுத்துப் படிப்பித்த தமிழ், கடைசியில் பற்றரிக்குத்தான் உதவியது. மற்ற 'அ' எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் எறிந்தாள். அவனுடைய மேசையைத் துடைக்கப் போய், தனியே உருண்டு கிடந்ததை ஏதோ முடிந்துபோன பற்றரி என்று எடுத்து, சுப்பர்மாக்கற் வாசலில் பழைய பற்றரி போடுகிற பெட்டிக்குள் கவனமாகப் போட்டுவிட்டு வந்தாள், நல்ல காரியம் செய்கிற நினைப்பில். பின்னேரம் அவன் வந்து வீட்டைத் தலைகீழாக்கினான். ஒண்டு போனால் என்னடா, இன்னொண்டு இருக்குத்தானே என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வை. அம்மா, ரெண்டும் சோடி, ஒண்டு போனால் மற்றதும் உதவாது, எத்தினை தரம் சொன்னனான் என்ரை சாமானைத் தொடாதேங்கோ எண்டு. அத்தோடு விட்டிருக்கலாம். அவள்தான் விடவில்லை, அந்தச் சனியனை ஊதி ஊதி நெஞ்சைப் பழுதாக்கு, கொப்பரைப் போல போய்ச் சேர் என்றாள். அவன் மேலே ஏறிப் போகிறபோது மெல்லச் சொன்னான். கத்திச் சொல்லியிருந்தால் மறந்திருப்பாள். இந்த வீட்டில மூச்சு விடுறதுக்கும் உங்களிட்டைக் கேக்கவேணும். பிறகு அவன் கைக்கு அடக்கமான சின்னப் பெட்டி ஒன்று வாங்கினான், அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு கிளாஸ்கோவில் வேலை என்றான், அதையும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வேலை அம்மா. ஓம் அப்பு. பற்றரிக்காக ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போவானோ. போகமாட்டான். வேலைக்குத்தான் போனான். பற்றரிக்காகப் போவானோ. பச்சை, சிவப்பு.

கொப்பரைப் போல. அந்த வாயைத் தைக்கவேணும். அவனுடைய தகப்பன் கனகலிங்கம் பின்வளவில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று குடிப்பார், பனியிலும் நிற்பார், காற்சட்டைப் பைக்குள் ஒரு கை, மற்றக் கையில் சிகரெட், உள்ளே வரும்போது குளிரும் புகையும் ஒன்றாக வரும். அவள் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. மனுசன் இரவும் பகலும் பெற்றோல் நிலையத்தில் நின்று உழைக்கிறார், அவருக்கென்று இருக்கிறது இது ஒன்றுதானே என்று விட்டாள். இருமல் தொடங்கியபோது இஞ்சி போட்டுக் கொடுத்தாள். ஆசுப்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தபோது கூட அவள் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார், நீயாவது ஒருக்கா ஏசியிருக்கலாம் தவம். அதைச் சொல்லிவிட்டு மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார், எட்டு வருசமாக இவள் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். மனுசனுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து மகனுக்குச் சொல்லி முடித்தாள். ஒருத்தர் ஏசாததால் போனார், மற்றவன் ஏசினதால் போனான். எந்த அளவில் வைத்திருக்கவேணும் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. கூடினால் கருகும், குறைந்தால் ஒன்றும் வராது, இவ்வளவுதான் விசயம் என்று இன்றைக்கு ஒரு கடைக்காரி பற்றரிக்குச் சொன்னாள்.

இன்றைக்கு அவன் எடுக்கும்போது சொல்லிவிடவேணும். ஒரு சொல்லுத்தான். வா. வா அப்பு. இல்லை, வா என்றால் கட்டளை மாதிரி இருக்கும், யன்னலைத் திற என்ற மாதிரியே இருக்கும். எப்ப வாறாய்? அது ஒவ்வொரு கிழமையும் கேட்கிறதுதான், பாப்பம் அம்மா என்பான், அதோடு சரி. ஒருக்கா வந்திட்டுப் போவன். வந்திட்டுப் போகிறதில்லை, அவளுக்கு வேண்டியது வந்து நிற்கிறது. அறையை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, உனக்குத்தான் வைச்சிருக்கிறன். அதைச் சொன்னால் தன்னுடைய பொறுப்பை அவன் தலையில் கட்டின மாதிரி, அவனும் பாவம், நல்ல வேலை. எனக்குத் தனிய இருக்க ஏலாமல் கிடக்கு. அதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் வேணும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், குசினிக்குள், சார்ஜருக்கு முன்னால்: எனக்குத் தனிய இருக்க ஏலாமல் கிடக்கடா. ஆரோ சொன்ன மாதிரிக் கேட்டது. குளிர்ப்பெட்டி உறுமி நின்றது. பிழையில்லை, கேட்க ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனால் சொல்லலாம், சொல்லத்தக்க சொல்லுத்தான். இன்னொருக்கால் சொல்லிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தபோது மற்ற லைற்றும் பச்சையாகியிருந்தது. எப்போது ஆனதென்று அவள் காணவில்லை. இவ்வளவு நேரமும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்து, ஆகிற நேரத்தைக் காணாமல் விட்டாள்.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே போனாள். படுத்தெழும்பின அடையாளமே இல்லாத கட்டில், காலி அலுமாரி, தரையில் எலுமிச்சை வாசத்துத் துடைப்புத் தண்ணியின் மணம், அது இன்னும் மோசம், ஆசுப்பத்திரி மாதிரி. கட்டில் விளிம்பில் இருந்தாள். ஜெசிந்தா காட்டித் தந்தபடி ஒரு பற்றரி மேல் நோக்கி, மற்றது கீழ் நோக்கி, மூடியைச் சாத்தினாள், டக்கென்று பிடித்துக்கொண்டது. மாம்பழப் போத்தல் தண்ணியை நிரப்பி, பஞ்சு ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு பட்டனை அமத்தினாள். சின்னத் திரை ஒன்று விழித்துக்கொண்டது. அவள் வெறும் இலக்கம், சைபர், ஏதாவது வரும் என்று நினைத்திருந்தாள், நாற்பதுக்கு ஏற்றவேணும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தாள். திரையில் ஐம்பத்திரண்டு என்று நின்றது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வாட். கடைக்காரி வைக்கவில்லை, அவள் பற்றரியே போடவில்லை. அவன் வைத்தது. கடைசியாக அவன் கை வைத்துவிட்ட இடம். ஒற்றைப் பற்றரியோடு, உயிரில்லாமல் சப்பாத்துக்குள் கிடந்து, இவ்வளவு மாசமும் அது மறக்காமல் வைத்திருந்திருக்கிறது. தவமலருக்கு அழுகை வந்துவிட்டது, இதுக்கெல்லாம் அழுகிற மனுசியோ நான் என்று ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பதுக்கு இறக்கவேணும், புதுப் பஞ்சு, கருகும் என்று ஜெசிந்தா சொன்னவள். இறக்குகிற பட்டனில் விரல் இருந்தது. ஒருக்கால் அமத்தினால் ஐம்பத்தொன்று. அப்படி அமத்திவிட்டால் அவன் வைத்தது போய்விடும், பிறகு திரும்ப ஏற்றினாலும் அது அவள் வைத்ததாகத்தான் இருக்கும். விரலை எடுத்தாள். அப்படியே வாயில் வைத்தாள், ஐம்பத்தெட்டு வயதில், பிள்ளையார் படம் இருந்த சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இழுத்தாள்.

முதலில் சூடு, பிறகு கருகல், அடிப்பிடித்த பால் மாதிரி, அதுக்குப் பின்னால், ஓம், அதுதான். கண்டறியாத மாம்பழம். இருமல் பிடித்துக்கொண்டது, இருமி இருமிக் கண்ணால் தண்ணி ஓடியது, ஆனால் வாயால் போன ஆவி அறைக்குள் பரவி விளக்கடியில் நின்றது, அவன் கீழே இறங்கி வரப் போகிறான், அம்மா பசிக்குது என்று சொல்லப் போகிறான், அப்படி ஒரு மணம். இன்னொருக்கால் இழுத்தாள். கருகல் கூடிற்று, பறவாயில்லை. கட்டில், அலுமாரி, கதவு எல்லாவற்றுக்கும் ஊதினாள். அந்த நேரம் போன் அடித்தது. ஒரு கையில் பெட்டி, மற்றக் கையில் போன்.

"அம்மா, சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் அப்பு. நீ?"

"சாப்பிட்டன். என்ன இருமுறீங்கள்?"

"மிளகாய் வறுத்தனான்."

"உங்கட மிளகாய். மருந்து எடுக்கிறியளோ?" அவன் குரல் நன்றாக இருந்தது, தெளிவாக, காலையில் எழும்பினவன் மாதிரி. அவள் சொல்லவேண்டிய சொல்லை நாக்கில் எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்குத் தனிய. அதுக்குள் அவன் தொடங்கிவிட்டான். "அம்மா, ஒரு சங்கதி சொல்லவேணும். சொன்னால் நீங்கள் சந்தோசப்படுவீங்கள். நான் உந்த வேப்பை விட்டிட்டன்."

"என்னது?"

"இங்க வந்ததிலயிருந்து மெல்ல மெல்லக் குறைச்சு, இப்ப தொடுறதே இல்லை. முதலே சொல்லேல்லை, வடிவா விட்ட பிறகு சொல்லுவம் எண்டு. நீங்கள் சொன்னதுதான் அம்மா சரி. இப்ப படி ஏறேக்க மூச்சு வாங்கிறேல்லை. மணமே பிடிக்குதில்லை, பஸ்ஸில ஆரும் இழுத்துப்போட்டு வந்தால் தள்ளி நிக்கிறன்."

பெட்டி அவள் கையில் இன்னும் சூடாக இருந்தது. இவ்வளவு காலமும் கத்திக் கேட்டது இதைத்தான். கோயிலில் நேர்த்தி வைத்ததும் இதைத்தான். அவன் கொண்டு வந்து தருகிறான், அவளுக்கு அதை வாங்கிக்கொள்ளக் கை இல்லை. "நல்லது அப்பு," என்றாள். "நல்லது ராசா. அப்பா இருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்."

"வேலையையும் நிரந்தரமாக்கிப் போட்டாங்கள். அப்ப இங்கதான் இருக்கப்போறன் அம்மா. நீங்கள் அறையைக் குடுங்கோ. றஞ்சி அன்ரி சொன்ன பிள்ளை நல்ல பிள்ளையாம். வீட்டில ஒரு ஆள் இருந்தால் எனக்கும் யோசனை இல்லை."

"ஓம்," என்றாள். சொல்லு, இப்போது சொல்லு, ஒரு சொல்லுத்தான். வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது, நெஞ்சின் அடியிலிருந்து, விட்டுவிட்டு வந்து கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தில் அவன் காத்துக்கொண்டிருந்தான், அவன் பொறுமையான பிள்ளைதான்.

"அம்மா, அந்த யன்னலைத் திறவுங்கோ முதல்."

"ஓம், திறக்கிறன்," என்றாள் தவமலர். "நீ வை அப்பு. உனக்கும் வேலை இருக்கும்."

போனை மடியில் வைத்தாள். வெளியில் இருட்டிக்கொண்டு வந்தது. நேற்று ஈரம் காயத் திறந்துவிட்ட யன்னல் அப்படியே நான்கு விரல் இடைவெளியோடு நின்றது, அதுக்கால் ஆவி மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்ததை அவள் இப்போதுதான் கண்டாள். எழும்பிப் போய் இழுத்துச் சாத்தி, கொளுக்கியையும் போட்டாள். பிறகு கட்டிலுக்கு வந்து இருந்தாள்.